வேங்கைப் பொந்தில் அடைத்த இலைகள்

அந்தக் காலத்தில் மரங்களுக்குக் கிழடாகிப் போக நேரம் இருந்தது. கிழட்டு மரத்தின் வயிற்றில் பொந்து விழும். பொந்து விழுந்தால் யாராவது குடிவருவார்கள். பேசத் தெரிந்த விலங்குகள் அப்படித்தான் மலையில் வாழ்ந்தன. மலை அணிலும் அப்போது பொந்தில்தான் தூங்கும்.

பிறகு கோடாரி வந்தது. பொந்து விழும் வயதுக்கு முன்பே மரங்கள் சாய்ந்தன. காடு மெல்ல மெல்ல வெளிச்சமாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் அந்தச் சரிவில் பொந்துள்ள வேங்கை மரம் ஒன்றுதான் மிஞ்சியது. செவ்வாலி என்ற மலை அணிலும், நரைச்சி என்ற பறக்கும் அணிலும் அதை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். செவ்வாலிக்கு இரவுத் தூக்கம், நரைச்சிக்குப் பகல் தூக்கம்.

பொந்துக்குள் ஒரு துரும்பும் விட்டுவைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மரம் வெட்டுகிறவர்கள் முதலில் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வெறுமை முழங்கினால், பலகைக்கு ஆகாதென்று போய்விடுவார்கள். அந்த முழக்கம்தான் இருவருக்கும் காவல்.

மழை பிடித்தபோது செவ்வாலி சினையாக இருந்தாள். பொந்தின் சுவர் ஈரமாய்க் குளிர்ந்தது. அவள் இலையும் மரநாரும் கொண்டுவந்து அடைக்கத் தொடங்கினாள்.

விடியலில் தூங்க வந்த நரைச்சி வாசலிலேயே நின்றாள். "என்னடி இது? எனக்குக் கால் வைக்க இடமில்லையே!"

"குட்டிகளை வெறும் மரத்துலயா போடச் சொல்றே அக்கா?"

"காலியா இருந்தாத்தான்டி பொந்து. அடைச்சா வெறும் மரம். தட்டிப் பார்ப்பாங்களே!"

"இந்த மழையில எவன் வரப்போறான்? நீ படுத்துப் பாரு, அப்புறம் பேசு."

நரைச்சி படுத்தாள். இலைகள் அவளை நாலு பக்கமும் அணைத்துக்கொண்டன. "சதிகாரி, சுகமாத்தான் இருக்கு" என்று முனகியபடியே தூங்கிப்போனாள்.

செவ்வாலி நாளும் அடைத்தாள், வயிற்றால் அழுத்தி அழுத்தி இறுக்கினாள். இரவில் அந்தக் கதகதப்பில் சுருண்டு கிடக்கையில், மரம் தன்னைச் சுமக்கிறதா, தான் குட்டிகளைச் சுமக்கிறோமா என்பதே அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் சாத்தையனும் அவன் மச்சான் பொன்னாண்டியும் கோடாரிகளோடு சரிவில் ஏறி வந்தார்கள். செவ்வாலி எதிர்மரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தாள். நரைச்சி பொந்துக்குள் தூக்கத்தில் இருந்தாள்.

"இதைப் போன கோடையிலயே தட்டினோமே மச்சான். ஓட்டை மரம்" என்றான் சாத்தையன்.

"கள்ளு மயக்கத்துல நீ உன் மண்டையைத் தட்டியிருப்பே." பொன்னாண்டி கோடாரியைத் திருப்பித் தட்டினான். முழக்கம் எழவில்லை. இறுகிய சின்ன ஓசைதான் வந்தது. "கேட்டியா? உள்ள பூரா கட்டை."

முதல் வெட்டு விழுந்ததும் செவ்வாலி அலறிக்கொண்டு வேங்கைக்குத் தாவினாள்.

"அணில் நம்மளை ஏசுது பாரு" என்று சாத்தையன் சிரித்தான்.

அவள் பொந்திலிருந்து இலைகளை வாயாலும் கையாலும் இழுத்து இழுத்து வெளியே எறிந்தாள். நனைந்த இலைகள் அவர்கள் தோள்களில் உதிர்ந்தன. இலை குறையக் குறைய, வெட்டு விழும்போதெல்லாம் மரம் முழங்கத் தொடங்கியது. பொன்னாண்டியின் கை நின்றது.

"அட, ஓட்டை மரந்தான்!"

"பாதி வெட்டியாச்சு. விட்டுட்டுப் போனா யார் தலையிலயாவது சாயும். வெட்டி முடி" என்றான் சாத்தையன்.

நரைச்சி விழித்து, வெயிலில் கண் கூசி, வெளியே பாய்ந்தாள். கைகால்களை விரித்துப் பள்ளத்தாக்கின் மூடுபனிக்குள் மிதந்து மறைந்தாள். எந்த மரத்தில் இறங்கினாளோ, செவ்வாலி அறியவில்லை. அவள் எதிர்மரத்துக்குத் தாவிய மறுகணம் வேங்கை விழுந்தது.

அன்று மாலையே அவளுக்கு வலி கண்டது. தேடிப் போக வேறு பொந்து கிடையாது. எதிர்மரத்தின் உச்சியில் மெல்லிய கிளைகள் கூடும் இடத்தில் குச்சிகளை அடுக்கினாள், இலைகளை வேய்ந்தாள். காற்றில் ஆடிய அந்தப் பச்சைக் கூட்டில் குட்டிகள் பிறந்தன. ஆனால் விடிந்தும் விடியாமலும் அவள் எழுந்து, பக்கத்து மரத்தில் இன்னொரு கூட்டுக்குக் குச்சி ஒடிக்கப் போய்விட்டாள்.

அன்று முதல்தான் மலை அணில் பொந்தை நம்புவதில்லை. உச்சிக் கிளையில் இலைக்கூடு கட்டுகிறது. ஒரு கூடு இருக்கும்போதே அடுத்த மரத்திலும் ஒன்று கட்டி வைக்கிறது.