கழுதைகள் கொடுத்த தீர்ப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கிரேக்க நாட்டுக் கடலோரத்தில் மெலாந்தை என்ற பட்டணத்தை அந்திமாக்கஸ் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் தன் காதைப் பற்றி அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் அந்த ஊரில் எந்த வழக்குக்கும் கூச்சலில்தான் தீர்ப்பு. ஜனங்கள் சந்தைத் திடலில் கூடுவார்கள். ராஜா ஜன்னல் இல்லாத கல் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். எந்தக் கட்சியின் சத்தம் பெரிதோ அதற்கே ஜெயம். 'முகம் பார்க்காத நீதி' என்று பெருமை வேறு.

இது யாருக்கு வசதி? தொண்டை உள்ளவனுக்கு. தொண்டைகளுக்குத் தீனி போடுகிறவனுக்கு அதைவிட வசதி. அரசவைப் பிரபு திராசோன் அந்த ரகம். ஊருக்கு இருந்த ஒரே ஊற்றைத் தன் திராட்சைத் தோட்டத்துக்கு வளைத்துப்போடப் பார்த்தான். "ஊற்று எல்லாருக்கும் பொது" என்று சொல்லிவிட்டான் குயவன் லைக்கோன். உடனே அவன் ராஜத்துரோகியாம், நாடுகடத்த வேண்டுமாம்! வழக்குக்கு முதல் நாள் அறுபது முரடர்களுக்கு ஆட்டுக்கறி விருந்து நடந்தது.

மறுநாள் ராஜா அறைக்குள் போனான். "குயவன் இருக்கட்டும்" என்பதற்கு முனகல்தான் வந்தது. திராசோன் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றால் எவன் திறப்பான்? "போகட்டும்" என்பதற்கு அறுபது தொண்டையும் இடியாக முழங்கின.

"போகட்டும்!" என்று சொல்லிக்கொண்டே ராஜா வெளியே வந்தான்.

குயவன் மனைவி மெலித்தா முன்னால் வந்து நின்றாள். அந்த ஊரில் பெண்கள் கூச்சல் போடக்கூடாது; பேசத் தடையில்லை.

"ராஜாவே, உங்கள் காது தப்பவே தப்பாதா?"

"தப்பினால் அறுத்துப் போடுகிறேன்!"

"அப்படியானால் இன்னும் ஒரே ஒரு கேள்விக்குக் கூச்சலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்."

"கேட்கட்டும் ராஜாவே, அழுகிற பொம்பளை!" என்றான் திராசோன்.

"நான் எங்கே ஐயா அழுதேன்?"

ராஜா மறுபடி உள்ளே போனான். மெலித்தா உரக்கக் கேட்டாள்: "திராசோன் இந்த ஊருக்கு ராஜாவாகட்டுமா?"

திடலில் ஒருவனும் கத்தவில்லை. மெலித்தா ஓரமாகப் போய், களிமண் சுமக்கும் தன் பன்னிரண்டு கழுதைகளின் முன்னால் பார்லி மூட்டையைப் பிரித்தாள். விடிந்ததிலிருந்து அவை பட்டினி. பன்னிரண்டும் சேர்ந்து கத்தின கத்தில் கூரைப் புறாவெல்லாம் பறந்தது.

கிரீடம் நழுவ ஓடிவந்தான் ராஜா. "எவன் எவன் கத்தினது? போன கூச்சலைவிட இது பெரிதாயிற்றே!"

"இதோ, இவர்கள்தான்" என்று கழுதைகளைக் காட்டினாள் மெலித்தா. "உங்கள் சட்டப்படி இனி திராசோன்தான் ராஜா. கிரீடத்தைக் கழற்றுகிறீர்களா, காதை அறுக்கிறீர்களா?"

திடல் குலுங்கிச் சிரித்தது. ராஜாவுக்குக் காது சிவந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பின்னே எப்படியம்மா கேட்பது?"

குறுகிய வாய்ப் பானைகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். "ஆளுக்கு ஒரு வெள்ளைக் கூழாங்கல், ஒரு கறுப்பு. இருக்கட்டும் என்றால் வெள்ளை, போகட்டும் என்றால் கறுப்பு இந்தப் பானைக்குள். மிச்சம் அந்தப் பானைக்குள். மூடின கையை உள்ளே விட்டுத்தான் போடவேண்டும்."

எல்லாரும் போட்டார்கள். முதல் பானையைக் கவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் வெள்ளை. ஒரே ஒரு கறுப்பு.

"அறுபது பேருக்குக் கறி போட்டேனே!" என்று அலறினான் திராசோன்.

"கறி வயிற்றுக்குள் போயிற்று. கை பானைக்குள் போயிற்று. அங்கே நீங்கள் எட்டிப்பார்க்க முடியாதே!"

குயவன் ஊரிலேயே இருந்தான், ஊற்று பொதுவாயிற்று. "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"அடுத்த தடவை எனக்கும் இரண்டு கூழாங்கல்."

"பெண்ணுக்கா? வழக்கமில்லையே!" என்று திடலே சிரித்தது. சற்றுமுன் அவளால் பிழைத்த வாய்கள்தான்.

"சரி, கல் உங்களுடையது. பானை என்னுடையது" என்று இரண்டையும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு மெலித்தா நடந்தாள்.

"நில்லம்மா, நில்!" என்று இரண்டு கூழாங்கல்லோடு பின்னால் ஓடினான் ராஜா.