ஐந்து வாய் ரிசீவர்

நெல்லிமலை ஜமீனில் இப்போது நெல்லியும் இல்லை, மலையில் பாதியும் இல்லை. ஆனால் ராஜா இருந்தார். ராஜா இருந்தால் தர்பார் வேண்டும். தர்பார் என்றால் அதில் ஒரு வாயாடி வேண்டும். அந்த வாயாடிதான் மயிலேறி. ராஜா சொக்கலிங்க பூபதி முகம் வாடினால் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம்.

அவனிடம் ஒரு கோளாறு உண்டு. தெரிந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிப் பேசுவான். தெரியாததை அடித்துப் பேசுவான்.

மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். பழைய ஆயுதசாலையை ஹோம் தியேட்டராக மாற்ற வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளைக் காரியஸ்தர் சேதுபிள்ளை வாங்கினார். அவற்றுக்கெல்லாம் சத்தத்தைப் பங்கிட்டு அனுப்புகிற ரிசீவரை நான் வாங்குகிறேன் என்று மயிலேறி மார்தட்டிக்கொண்டு போனான். கடையில் இருந்ததிலேயே மலிவானதைத் தூக்கிக்கொண்டு வந்தான். அட்டையில் 'ஆயிரம் வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவனுக்கு அது போதும்.

"மகாராஜா, இது ஒரு தடவை உறுமினால் கோட்டைச் சுவர் கிடுகிடுக்கும்!"

சேதுபிள்ளை ரிசீவரைத் திருப்பி அதன் முதுகை ராஜாவுக்குக் காட்டினார்.

"நான் வாங்கியது ஏழு ஸ்பீக்கர், மகாராஜா. இதில் ஒயர் செருக இடம் ஐந்துக்குத்தான் இருக்கிறது. இடிமுழக்கம் போடுகிற வூஃபருக்கு ஒரு ஓட்டை தனி. அப்புறம் அந்த ஆயிரம் வாட்ஸ்... எல்லாம் சேர்ந்து பாடினால் அதில் பாதிகூட வராது என்று கீழே பொடி எழுத்தில் கம்பெனிக்காரனே ஒத்துக்கொண்டிருக்கிறான்."

ராஜாவின் மீசை துடித்தது. துடிக்கக் காரணம் இருந்தது. ராணியின் தம்பி உக்கிரபாண்டியன் ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வருவதாக இருந்தார். பக்கத்து ஜமீன்காரர். எதைப் பார்த்தாலும் "எங்க வீட்டில் இதைவிடப் பெரிசு" என்பவர்.

"மயிலேறி! ஞாயிற்றுக்கிழமை ஏழு பெட்டிக்கும் வேலை இருக்க வேண்டும். ஒரு பெட்டி வேலையில்லாமல் நின்றாலும், உனக்கும் இங்கே வேலை இல்லை."

மயிலேறி என்னென்னவோ செய்து பார்த்தான். ஒரே ஓட்டையில் இரண்டு ஸ்பீக்கர் ஒயரைத் திணித்தான். சத்தத்தைக் கூட்டினான். ரிசீவர் அரை நிமிஷம் பாடியது. பிறகு சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டுத் தானாகவே அணைந்துபோயிற்று. தொட்டுப் பார்த்தான். தோசைக்கல்லாகச் சுட்டது.

"அடேயப்பா, என்னைவிட உனக்குப் புத்தி அதிகம்" என்றான் அதனிடம். "தாங்க முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்கிறாய். எனக்கு அது இந்த வயசுவரை வரவில்லையே!"

பேசாமல் ஐந்து ஸ்பீக்கரை மட்டும் முறையாக மாட்டினான். மிச்சம் இரண்டையும் துடைத்து, ராஜாவின் ஆசனத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினான். வேறு யோசனை எதுவும் வரவில்லை. துணிமணிகளையும் மூட்டை கட்டி வைத்துவிட்டான்.

ஞாயிறு வந்தது. உக்கிரபாண்டியனும் வந்தார். படத்தில் யுத்தம். குதிரைகள் முதுகுக்குப் பின்னால் இடமிருந்து வலமாக ஓடின. கூடாரத்துக்குள் ஒற்றன் குசுகுசுத்தது கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. சும்மா சொல்லக் கூடாது, மலிவு ரிசீவர் தன்னால் முடிந்ததை ஒழுங்காகச் செய்தது. மயிலேறிக்கே அதன் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆனால் உக்கிரபாண்டியன் படத்தைப் பார்க்கவே இல்லை. நேராக ராஜாவின் ஆசனத்தருகே போனார். ஒரு பெட்டியில் காதை வைத்தார். மற்றதிலும் வைத்தார்.

"அத்தான், இந்த இரண்டும் ஊமை! பிள்ளைவாள் போனில் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது."

ராஜா கையைத் தூக்கினார். படம் நின்றது. சேதுபிள்ளை திடீரென்று கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

"மயிலேறி, இந்த இரண்டும் என்ன வேலை பார்க்கின்றன?"

மயிலேறிக்கு மூட்டை ஞாபகம் வந்தது. அதோடு, 'பிள்ளைவாள் போனில் சொன்னது' என்ற மூன்று வார்த்தையும் காதில் தங்கியிருந்தது.

"நல்ல வேலை பார்க்கின்றன, மகாராஜா. அந்த ஐந்தும் பேசுகிற பெட்டி. இந்த இரண்டும் கேட்கிற பெட்டி."

உக்கிரபாண்டியன் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்டில் பதினொன்று இருக்கிறது. பதினொன்றும் பேசும்!"

"பேசுவதற்கு நம் தர்பாரிலும் பஞ்சமில்லை, எஜமான். தெரியாததைப் பேச நான் ஒருத்தன் போதும். ஆயிரம் வாட்ஸ் என்று ஊரெல்லாம் கத்தினேன். பாதிகூடத் தேறவில்லை. இங்கே பஞ்சம் காதுக்குத்தான்."

"காதுக்கு என்னடா பஞ்சம்?" என்றார் ராஜா. "ஆளுக்கு இரண்டு இருக்கிறதே!"

"இருக்கிறது மகாராஜா. ஆனால் இங்கே கேட்டதை அடுத்த ஜமீனுக்குப் போன் போட்டுச் சொல்லாத காது, இந்த அரண்மனையிலேயே இவை இரண்டும்தான்."

ராஜா ஒரு கணம் மயிலேறியைப் பார்த்தார். பிறகு சேதுபிள்ளையைப் பார்த்தார். அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு! வூஃபர் தோற்றது. உக்கிரபாண்டியனும் சேர்ந்து சிரித்தார். வேறு வழியில்லாமல் சேதுபிள்ளையும் பல்லைக் காட்டினார்.

ராஜா தம் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து மயிலேறிக்குப் போர்த்தினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியஸ்தர் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைவாள், நாளை முதல் தர்பாரில் உமக்கு ஆசனம் இந்த இரண்டு பெட்டிக்கும் நடுவில். ஒரு மாதம் இவற்றிடம் தொழில் பழகும்."