ஆலாவுக்குத் தொண்டை கட்டிய கதை

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் பேச்சு இருந்த நாட்களில், ஆலாவைப் போல வாய் ஓயாத பறவை கடலில் கிடையாது. தீவு தீவாக அலைந்து, படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த படகுக்குடிகள்தான் அதனிடம் மாட்டிக்கொண்டவர்கள். ஒரு படகில் கேட்டதை அடுத்த படகில் போய்ச் சொல்லும். போகிற வழியில் இரண்டு சேர்த்துக்கொள்ளும். அதனால் ஆலா பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தக் குடியில் ஒருத்தியான லூமியும் அப்படித்தான்.

தீவோரம் ஒதுங்கும்போது படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். பிள்ளைகள் படகுக்குப் படகு தாவித் திரியும். பசித்த இடத்தில் தின்னும், தூக்கம் வந்த இடத்தில் படுத்துக்கொள்ளும். யார் பிள்ளை எங்கே என்று ஒருவரும் தேட மாட்டார்கள்.

ஒருநாள் திடீரென்று காற்று வாகாகத் திரும்பியது. அவசர அவசரமாகக் கயிறுகளை அவிழ்த்துப் பாய் விரித்தார்கள். மகள் சீபு, தன் அத்தையின் படகில் இருப்பாள் என்று லூமி இருந்துவிட்டாள். நாத்தனார் கோராவோ, பிள்ளை தாயிடம்தானே இருக்கும் என்று இருந்துவிட்டாள். சீபு மணல்திட்டில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடல் ஏறினால் அந்தத் திட்டு முழுகிவிடும்.

தீவு கண்ணுக்கு மறைந்த பிறகு, ஆலா மூச்சிரைக்க வந்து லூமியின் படகில் உட்கார்ந்தது.

"லூமி, உன் மக திட்டுல நிக்கிறா. தண்ணி ஏறுது."

லூமியின் கணவன் தகான் சிரித்தான். தனக்கும் தங்கை கோராவுக்கும் முந்தாநாள் சண்டை மூட்டிவிட்டதே இதுதான் என்றான். முன்னால் போகும் அவளை எட்டிப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்றான். லூமி மட்டும் சிரிக்கவில்லை. ஆலா இவ்வளவு சுருக்கமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இன்னைக்கு அது எதையும் சேத்துச் சொல்லல. படகைத் திருப்பு" என்றாள்.

பாயை இறக்கி, எதிர்காற்றில் இருவரும் துடுப்புப் போட்டார்கள். பாதி வழியில் மழை இறங்கியது. திசையே தெரியவில்லை. "இப்படி வா, இப்படி வா" என்று முன்னால் ஆலா கத்திக்கொண்டே போனது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கத்திக் கத்தி அதன் தொண்டை கட்டியது. வார்த்தை தேய்ந்து தேய்ந்து, கடைசியில் வெறும் 'கிறீச்' மட்டும்தான் கேட்டது.

சீபு மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். சிப்பிக்கூடை மட்டும் நனையாமல் தலையில் இருந்தது.

"எங்கம்மா போனீங்க?" என்று கோபமாகக் கேட்டாள்.

லூமி அவளை வாரித் தூக்கி, முதுகில் ஒன்று வைத்து, பிறகு விடாமல் கட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஆலா என்னவோ சொல்ல வாயைத் திறந்தது, கரகரப்புதான் வந்தது. பிடித்து வைத்திருந்த மீனில் பெரியதாகப் பார்த்து லூமி அதற்குக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் ஆலாவுக்குப் பேச்சில்லை, அந்தக் கரகரத்த கூவல் மட்டுமே. அன்று முதல்தான் படகுக்குடிகளும் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இருக்கேன்" என்ற குரல் வந்த பிறகே கயிற்றை அவிழ்க்கிறார்கள்.