கயற்கண்ணியும் காற்றுத் துப்பாக்கியும்

இமையாத கண்களால் உயிர்களையெல்லாம் காத்தருளும் கயற்கண்ணியம்மை கோயில்கொண்ட தலம் தென்மாறன்கோட்டை. அந்தச் சமஸ்தானத்தை ஆண்டவர் குமாரவீர பூபதி. விஜயதசமிதோறும் அம்மன் சந்நிதிக்கு எதிரே நட்ட வாழைமரத்தில் அம்பெய்வது அவர் குலத்து வழக்கம். பூபதியோ காலத்துக்கேற்ற மன்னர். வில்லை விடுத்து, காற்றுத் துப்பாக்கியை எடுத்தார்.

அந்தத் துப்பாக்கி மிக மலிவானது. துறைமுகத்துக் கடையொன்றில் மன்னரே பேரம் பேசி வாங்கியது. ஆதலால் அது மட்டமான சரக்கு என்று சொல்ல அரண்மனையில் ஒருவருக்கும் நா எழவில்லை.

மூன்று விஜயதசமி கடந்தன. மூன்றிலும் குறி தப்பியது. பழியெல்லாம் ஆயுதசாலை மாடக்கண்ணு ஆசாரியின் தலையில் விழுந்தது.

"மகாராஜா, இந்த ஒட்டுவேலையெல்லாம் இனி வேண்டாம்," என்றார் சமஸ்தான நிர்வாகத்தைக் கவனிக்கும் பேஷ்கார் சபாநாயகம். "தங்கள் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் சீமையில் ஒன்று செய்விப்போம். என் மைத்துனன் கப்பல் ஏஜெண்டாக இருக்கிறான். எழுதிப் போட்டால் போதும்."

மன்னர் அவைப்புலவர் வினைதீர்த்தாரை நோக்கினார். "புலவரே, பழையதைத் திருத்துவதா, புதியதைச் செய்விப்பதா? நீரே முடிவு சொல்லும். திருத்தச் சொல்லி இந்த ஆண்டும் தப்பினால், ஆசாரி மானிய நிலத்தை விட்டு ஊரைக் காலி செய்யவேண்டும். நீரும் அவனுக்குத் துணையாகப் போகலாம்."

பேஷ்காரின் முகம் மலர்ந்தது. அளவுக் கடிதத்தை அப்போதே நீட்டினார். புலவர் அதைப் பொறுமையாகப் படித்தார்.

"தோள் அளவு இருக்கிறது. விரல் அளவு இருக்கிறது. கழுத்தின் சுற்றளவுகூட இருக்கிறது. எந்தக் கண்ணால் குறி பார்ப்பார் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறதே, பேஷ்கார்வாள்?"

"அதை யார் ஐயா கண்டது? மகாராஜா ஆயுதம் எடுத்தால் நாம் எல்லோரும் தலைகுனிந்து நிற்கவேண்டும் என்பதுதானே மரபு!"

வினைதீர்த்தார் மன்னரை வணங்கி, ஒரேயொரு சோதனை வேட்டு வேண்டினார். மறுநாள் காலை தோட்டத்தில் வாழைமரம் நட்டார்கள். அவையோர் தலைகுனிந்தார்கள். மன்னர் சுட்டார். தென்னையிலிருந்து ஒரு குரும்பை உதிர்ந்தது.

"கண்டீர்களா!" என்றார் பேஷ்கார்.

"கண்டேன்," என்றார் புலவர். "பழையதையே திருத்துவோம். பத்து நாள் போதும்."

அன்று மாலை ஆயுதசாலையில் மாடக்கண்ணு ஆசாரி கண்கலங்கினார். "ஐயா, என்னையும் சேர்த்துக் கெடுத்துவிட்டீர்களே! ஸ்பிரிங்கை மாற்றினேன். தோல் வாரை மாற்றினேன். குழலை நீட்டினேன், பிறகு குறைத்தேன். இனி மாற்றுவதற்கு என்னைத் தவிர எதுவும் பாக்கியில்லை."

"ஆசாரியாரே, உம்மிடம் ஒரு நெல்மணி அளவு பித்தளை உண்டா?"

"உண்டு."

"குழல் நுனியில் குறிபார்க்கும் மேட்டை எடுத்துவிடும். அந்த இடத்தில் நம் அம்மையை நின்ற கோலத்தில் வடித்து வையும். வேறொன்றையும் தொடவேண்டாம்."

ஆசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, நான் கேட்டது பரிகாரம் அல்ல. பழுதுபார்க்கும் வழி."

"இரண்டும் ஒன்றாகவே அமையட்டும். செய்யும்."

விஜயதசமியன்று துப்பாக்கியை மன்னர் கையில் கொடுத்தபோது வினைதீர்த்தார் பணிவாகக் கூறினார்: "மகாராஜா, அம்மை இப்போது குழல் நுனியிலேயே எழுந்தருளியிருக்கிறாள். கண்ணெடுக்காமல் தரிசித்திருங்கள். வாழைமரத்துக் குங்குமப் பொட்டின்மீது அவள் திருவடி படியும் கணத்தில் விசையை அழுத்துங்கள்."

மன்னரின் மெய் சிலிர்த்தது. துப்பாக்கியை ஏந்தினார். அவை தலைகுனிந்தது. ஆசாரியின் உதடுகள் மட்டும் அம்மையின் நாமத்தை முணுமுணுத்தன. வேட்டொலி கேட்டது.

முரசு முழங்கியது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். குங்குமப் பொட்டின் நடுவே ஈயக்குண்டு பதிந்திருந்தது. மாடக்கண்ணு ஆசாரி நின்ற இடத்திலேயே தரையில் விழுந்து அம்மையை வணங்கினார்.

பேஷ்காருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, இத்தனை நாள் துப்பாக்கியில் என்ன குறை இருந்தது என்று புலவர் இந்த அவையிலேயே சொல்லட்டும்!"

பொல்லாத கேள்வி. துப்பாக்கியில் குறை என்றால், அதைத் தேர்ந்து வாங்கியவர் மன்னர். துப்பாக்கியில் குறையில்லை என்றால், சுட்டவரும் அவரே. மன்னரும் புருவத்தை உயர்த்தி, "ஆமாம், சொல்லும்," என்றார்.

வினைதீர்த்தார் கைகூப்பினார். "குறை எதிலும் இல்லை, மகாராஜா. விசையை அழுத்தும் வேளையில் தாங்கள் அம்மையை உள்ளே தியானித்துக்கொண்டிருந்தீர்கள். வாழைமரம் பாவம், வெளியே நின்றுகொண்டிருந்தது."

மன்னர் தம் இரு கண்களையும் ஒருமுறை இறுக மூடித் திறந்து பார்த்தார். சிரிப்பு பொங்கி வந்தது. ஆசாரிக்கு மானிய நிலம் பரம்பரைக்கும் உரியது என்று அங்கேயே சாசனமாயிற்று. சீமைக்குப் போகவேண்டிய கடிதம் பேஷ்காரின் மடியிலேயே கசங்கியது.

புலவருக்குத் தம் கையாலேயே சால்வை போர்த்தும்போது, மன்னர் குனிந்து காதோடு காதாகக் கேட்டார்: "ஓய், எல்லோரும் தலைகுனிந்தல்லவா நின்றார்கள்? நான் கண்ணை மூடியது உமக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

"சோதனை நாளன்று அடியேன் அந்த வரிசையில் நிற்கவில்லை, மகாராஜா. உயிருக்குப் பயந்து, குண்டு ஒருபோதும் வராத இடமாகப் பார்த்து ஒதுங்கினேன்."

"எங்கே?"

"வாழைமரத்துக்குப் பின்னால்."