புறா போகும் தூரம்

குருவிமலைக் கோட்டையை ஆண்ட கோப்பண்ணருக்கு, கடைசியாகக் காதில் ஓதியவர் சொன்னதுதான் சரி. அந்த ஓதும் வேலையைப் பிரதானி திருமலைராயர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒருநாள் அவர் தேசப்படத்தை விரித்து, கோட்டையிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் நேராக நூல் பிடித்துக் காட்டினார்.

"மகாராஜா, நம் புறா பறக்கிற வழியில் கல்லுமடை ஐந்தே காதம். ஆனையூர் ஏழு. நம் ஓலைக்காரர்களோ எட்டு, பன்னிரண்டு என்கிறார்கள். எல்லாம் சோம்பேறித்தனம்!"

நடுவே மலையும் ஆறும் கிடப்பது நூலுக்குத் தெரியாது. பிரதானிக்கும் தெரியாது. 'இனிப் புறா போகும் தூரமே தூரம். தாமதித்தால் சவுக்கடி' என்று ஆணை பிறந்தது.

கல்லுமடைக்கு ஓலை கொண்டு ஓடித் திரும்பிய வீரணனை மூச்சு வாங்கக்கூட விடவில்லை. முதுகைக் கிழித்துவிட்டார்கள். அரண்மனை விகடன் காளத்தி அவனைப் போய்ப் பார்த்தான். ஊரையே சிரிக்க வைப்பவன் அன்று சிரிக்கவில்லை. நேரே சபைக்கு வந்தான்.

"அருமையான ஆணை மகாராஜா! எப்படி ஓடுவதென்றுதான் இந்தப் பயல்களுக்குத் தெரியவில்லை. அடுத்த ஓலையைப் பிரதானியாரே கொண்டுபோய்க் காட்டினால் கற்றுக்கொள்வார்கள்."

"பேஷ்! திருமலைராயரே, நாளைக்கே புறப்படும்!" என்றார் அரசர்.

பல்லக்கு இருக்கிறதே என்று பிரதானி மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை, கோட்டை வாசலை நோக்கித் திரும்பிய பல்லக்கைக் காளத்தி மறித்தான்.

"வாசல் தெற்கே, கல்லுமடை வடக்கே. சுற்றிப் போனால் தூரம் கூடுமே! ஆணையை மீறலாமா? மதில்மேல் ஏறும்!"

அரசர் உப்பரிகையில் நின்று பார்க்கிறார். பிரதானியால் மறுக்க முடியுமா? காவலர்கள் ஏணி வைத்து ஏற்றினார்கள். ஏற்றியதும் காளத்தி ஏணியை எடுத்துப்போகச் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் அகழி. பிரதானி மதிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"குதியும், பிரதானியாரே! புறா இவ்வளவு யோசிக்காதே?"

"அடேய், நான் என்ன புறாவா?" என்று அலறினார் பிரதானி.

காளத்தி அரசரை நிமிர்ந்து பார்த்தான். "வீரணனும் இதைத்தான் சொல்ல வந்தான் மகாராஜா. வாயைத் திறக்கவிடாமல் அடித்துவிட்டார்கள்."

கோப்பண்ணரின் முகம் சிறுத்துப்போனது. அங்கேயே ஆணையை ரத்து செய்தார். தம் பட்டுச் சால்வையைக் கழற்றி, வீரணனுக்குக் கொடுத்தனுப்பினார். பிறகு மதிலைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காளத்தி, ஏணியைக் கொண்டுவரச் சொல்லப்பா!" என்று மேலிருந்து கெஞ்சினார் பிரதானி.

"லாயத்தில்தான் இருக்கிறது. புறாவுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் தூக்கிக்கொண்டு நடந்து வர வீரணன்தான் வேண்டும். அவன் முதுகு ஆறட்டும், அதுவரை உட்கார்ந்திரும்!"