ஐந்து துப்பாக்கியும் ஒரு கயிற்றுத் துண்டும்

"மாஸ்டர், இதுல எதை வச்சுக்கிறது, எதைக் கழிக்கிறது? நீங்களே சொல்லிருங்க."

இப்படிக் கேட்டுவிட்டு, எலுமிச்சை மரத்தடியில் கிடந்த கட்டிலில் ஐந்து கைத்துப்பாக்கிகளைப் பரப்பினார் தொட்டப்பன். சம்பந்தி வீட்டில் சீர்த்தட்டு வைக்கிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு, பக்குவமாக.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே, குண்டு இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். எல்லாம் கழற்றியாயிற்று என்றார் தொட்டப்பன்.

"அப்போ கடலை எடுத்துக்கங்கண்ணே."

மாஸ்டரின் பெயர் ரூபாவதி. சர்க்கஸில் கண்ணைக் கட்டிக்கொண்டு மெழுகுவர்த்திச் சுடரைச் சுட்டு அணைத்தவர். போடியில் கூடாரம் நொடித்துப் படுத்தபோது மற்றவர்களெல்லாம் ரயிலேறிப் போக, அவர் மட்டும் மலையடிவாரத்தில் எலுமிச்சை வைத்துக்கொண்டு தங்கிவிட்டார். துப்பாக்கி வைத்திருக்கிற எஸ்டேட்காரர்கள் அவரிடம் வந்துதான் குறி பழகுவார்கள். தொட்டப்பனுக்கு அவர் கடைசித் தங்கை வயதுதான் இருப்பார். இருந்தாலும் மாஸ்டர் மாஸ்டர்தானே.

தொட்டப்பனுக்கு மலைமேல் ஏலக்காய் எஸ்டேட். வீடு கீழே, தென்னந்தோப்புக்கு நடுவே, கூப்பிட்டால் ஓடிவர ஆள் இல்லாத ஒற்றை வீடு. அவர் மலையேறிவிட்டால் வீட்டில் மனைவி கெங்கம்மாள் ஒருத்திதான். அந்தப் பயத்தில் வாங்க ஆரம்பித்தவர், அப்புறம் ஆசையில் வாங்கினார். லைசென்ஸ் கிடைத்தால் ஒரு ஆள் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலம் அது.

இப்போது வந்த சங்கடம் வேறு. போன மாதம் மதுரைக்குப் போய் மகள் சுலோசனாவின் குழந்தையைக் கையில் வாங்கினார். இடுப்பு பெல்ட்டில் இருந்த பிஸ்டல் அந்தப் பிஞ்சுக் காலில் இடித்தது. குழந்தை வீறிட்ட வீறிடலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சுலோசனா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். அப்பா, நீங்க வீட்டையே துப்பாக்கிக் கடையா வச்சிருக்கீங்க, அதை ஒழுங்கு பண்ணுங்க, பண்ணாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். திருவிழாவுக்குக் கூப்பிடத்தான் போயிருந்தார். கூப்பிடாமலே திரும்பி வந்தார்.

"எல்லாத்தையும் கழிச்சிரலாம்னா, கெங்கம்மா தனியா இருக்கா. எல்லாத்தையும் வச்சுக்கலாம்னா, பேத்தி வரமாட்டா," என்றார்.

மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொன்னார்.

தொட்டப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்பா வைத்திருந்த குட்டை ரிவால்வர் இது, மலைக்கு. ஊர் திரும்பிய ஒரு மேஜர் கொடுத்துவிட்டுப் போன கனத்த பிஸ்டல் இது, கதவை உடைத்துக்கொண்டு வந்தால். இந்த நீளக் குழல், தோப்புக்குள் தள்ளி நின்றால். தந்தப் பிடி போட்டது நாலு பேர் வருகிற இடத்துக்கு. இந்தச் சின்ன பிஸ்டல் தலையணைக்கடியில்.

"ஒருத்தன் வந்தா சின்னது. ரெண்டு பேரு வந்தா மேஜரோடது."

"மூணு பேரு வந்தா?"

தொட்டப்பன் யோசித்தார். அதற்கு ஒன்று வாங்காமல் விட்டுவிட்டோமே என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது நிஜம்.

மாஸ்டர் எழுந்து கடலைத் தோலை உதறினார்.

"அஞ்சையும் இடுப்புல கட்டுங்கண்ணே. எஸ்டேட் வரைக்கும் நடந்துட்டு வருவோம்."

தொட்டப்பன் கட்டினார். வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட், அதில் சுற்றிவர ஐந்து உறை. ரிவால்வரில் மட்டும் குண்டு போடச் சொன்னார் மாஸ்டர். வழியில் காட்டுப்பன்றி உண்டு.

முதல் வளைவு வரைக்கும் ராஜநடை. எதிரே வந்த பழக்கூடைக்காரிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி, எஸ்டேட்காரருக்கு யாரோடு சண்டை என்று விசாரித்தாள். அடுத்தவள், யாரோடுமில்லை, அவரே தனியாகச் சண்டைக்குப் போகிறார் என்றாள். சிரிப்புச் சத்தம் வளைவு தாண்டியும் கேட்டது.

இரண்டாவது வளைவில் பெல்ட் இறங்கியது. பெல்ட்டோடு வேட்டியும் இறங்கப் பார்த்தது. தொட்டப்பன் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஏற்றம் கூடியது. இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் புதர் அசைந்தது.

பெரிய காட்டுப்பன்றி. பின்னால் வால் தூக்கிய குட்டிகள். நடுப்பாதையில் நின்று தொட்டப்பனை ஏற இறங்கப் பார்த்தது. தொட்டப்பனும் பார்த்தார். பன்றிக்கு என்ன தோன்றியதோ, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போயிற்று.

மாஸ்டர் மெல்லக் கேட்டார்.

"எதை எடுத்தீங்கண்ணே?"

தொட்டப்பன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

"வேட்டியை."

பாதையோரப் பாறையில் உட்கார்ந்து இருவரும் சிரித்தார்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு தொட்டப்பன் அப்பாவின் ரிவால்வரை மட்டும் இடுப்பில் விட்டு, மற்ற நாலையும் துண்டில் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். எஸ்டேட் வரைக்கும் போகவில்லை. அங்கேயே திரும்பிவிட்டார்கள்.

"மலைக்கு ஆச்சு. வீட்டுக்கு, மாஸ்டர்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குத் திருட வர்றேன். குண்டு எல்லாம் பூட்டி வச்சிருங்க. நான் வரும்போது எது உங்க கையில இருக்கோ, அது வீட்டுக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது.

தொட்டப்பன் குண்டுகளை இரும்புப் பெட்டியில் பூட்டினார். முன்கூடத்தில் வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் நாலு காலித் துப்பாக்கி. திருடன் வந்தால் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கெங்கம்மாளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

தென்னை மட்டை விழுந்தது. மேஜர் பிஸ்டலை எடுத்தார். காக்கை. வைத்தார்.

கேட் கிரீச்சிட்டது. நீளக் குழலை எடுத்தார். பால்காரர். வைத்தார். பால்காரர் உள்ளே இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, பாலை வாசலிலேயே வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

சின்னது போதுமோ என்று எடுத்தார். ரூபாவதி சாதாரண ஆளா, கண்ணைக் கட்டிச் சுட்டவராயிற்றே என்று மறுபடி மேஜருடையதற்கே போனார். தந்தப் பிடியைத் துடைத்தார். எதை எடுத்தாலும் மற்ற மூன்றும் அவரையே பார்ப்பது போலிருந்தது.

அடை வாசனை வந்தது. அதோடு சிரிப்புச் சத்தமும்.

கெங்கம்மாள் தனியாகச் சிரிக்கிறவள் இல்லை.

தொட்டப்பன் எழுந்து சமையல்கட்டுக்கு நடந்தார். அங்கே மணைக்கட்டையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மாஸ்டர் இரண்டாவது அடையில் வெல்லம் தொட்டுக்கொண்டிருந்தார். கெங்கம்மாள் மூன்றாவதைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எப்படி வந்தீங்க மாஸ்டர்?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முன்கூடத்துக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மேசையில் இருந்த நாலு துப்பாக்கிகளுக்கு நடுவே ஒன்றை வைத்தார்.

ஒரு சாண் தேங்காய் நார்க் கயிறு. நுனி இரண்டும் கறுத்து, தேய்ந்து, முடிச்சுப் போட்ட இடத்தில் நெளிந்து கிடந்தது.

தொட்டப்பனுக்கு அது என்ன என்று தெரியவில்லை.

"கொல்லைக் கதவைக் கட்டியிருந்த கயிறு," என்றாள் பின்னால் வந்து நின்ற கெங்கம்மாள். "தாழ்ப்பா விழுந்துபோச்சு, மாத்துங்க மாத்துங்கன்னு சுலோ கல்யாணத்துக்கு முந்தியிருந்து சொல்றேன். நீங்க ஒவ்வொரு தடவையும் டவுனுக்குப் போய் இதுல ஒண்ணு வாங்கிட்டு வந்தீங்க."

அடுப்பில் அடை கருகும் வாசனை வந்தது. கெங்கம்மாள் ஓடினாள்.

தொட்டப்பன் கயிற்றை எடுத்தார். பிரித்தார். முடிந்தார். மறுபடி பிரித்தார்.

"நான் மலையில இருக்கிறப்ப…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க மலையில இருக்கிறப்ப வீட்டைக் காக்கிறது யாருண்ணே?"

"கெங்கம்மா."

"எது வேணும்னு அவங்களைக் கேட்டீங்களா?"

அன்றைக்கே தொட்டப்பன் டவுனுக்குப் போனார். கட்டைவிரல் தண்டி இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். ஆசாரியைக் கூப்பிடாமல், தானே உட்கார்ந்து திருகாணி முறுக்கினார். ஒரு தடவை தலைகீழாகப் பொருத்தி, கழற்றி, மறுபடி பொருத்தினார். கெங்கம்மாள் அதை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். டக். மறுபடி திறந்தாள். மறுபடி போட்டாள். டக். புதுக் கொலுசு போட்ட பிள்ளை நடந்து நடந்து பார்க்கிற மாதிரி, சாயங்காலம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள், அதுவரை கிளம்பாதிருந்த மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள்.

நாலையும் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி கையில் எடுத்து எடைபார்த்தாள். மேஜர் பிஸ்டலைத் தூக்கிவிட்டு, இது அம்மிக்குழவிக்கு ஆகும் என்றாள். நீளக் குழலை, துணி காயப்போட ஆகும் என்றாள். தந்தப் பிடியைப் பார்த்துச் சிரித்தாள். தலையணைக்கடிப் பிஸ்டல் அவள் கையில் சரியாக உட்கார்ந்தது.

"பழக்கிக் குடுப்பீங்களா மாஸ்டர்?"

எலுமிச்சைத் தோட்டத்தில் மண்கலயத்தை வரிசையாக வைத்தார் மாஸ்டர். முதல் நாள் கெங்கம்மாள் வேலிக்கு வெளியே சுட்டாள். இரண்டாம் நாள் எலுமிச்சம்பழம் விழுந்தது. அடுத்த வாரம் கலயம் சிதறியது. தொட்டப்பன் கை தட்டினார். அதற்கடுத்த கலயமும் சிதறியது. தொட்டப்பன் கை தட்டுவதை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இரண்டு கலயத்தைச் சேர்ந்தாற்போல் உடைத்தது கிடையாது.

மேஜர் பிஸ்டலும், நீளக் குழலும், தந்தப் பிடியும் மதுரைத் துப்பாக்கிக் கடைக்கு முறைப்படி போய்ச் சேர்ந்தன. கையெழுத்துப் போடும்போது வலிக்கும் என்று பயந்துகொண்டேதான் போனார். வெளியே வந்து பார்த்தால் நல்ல பசி. இட்லி சாப்பிட்டுவிட்டு, அப்படியே மகள் வீட்டுக்குப் போய் திருவிழாவுக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தார். சுலோசனா பார்க்கலாம் என்றாள்.

வந்தாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. திருவிழாச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மாஸ்டர் கூடத்துத் தூணில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை இருக்குப்பா?"

"ரெண்டு."

"எங்க?"

"இரும்புப் பெட்டியில. குண்டு தனியா."

"சாவி?"

தொட்டப்பன் கெங்கம்மாளைப் பார்த்தார். கெங்கம்மாள் தன் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

சுலோசனா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே பெல்ட்டே இல்லை. வீட்டில் இருக்கும்போது அது எதற்கு என்று ஆணியில் மாட்டியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசப்படி தாண்டி வந்து குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

தொட்டப்பன் இரண்டு கையாலும் வாங்கினார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவர் உயரத் தூக்கினார். அது இன்னும் சிரித்தது. இன்னும் உயரத் தூக்கினார்.

வருஷக்கணக்காகப் பெல்ட்டுக்குப் பழகிய வேட்டி, மெல்ல நழுவியது.

தொட்டப்பனுக்குத் தெரிந்தது. கை இரண்டும் மேலே இருந்தன.

"எதை விடப் போறீங்கண்ணே?" என்று கேட்டார் மாஸ்டர்.

தொட்டப்பன் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சேர்ந்து குலுங்கியது. கைகள் கீழே இறங்கவில்லை.

கெங்கம்மாள் உள்ளே போய், கொல்லைக் கதவு ஆணியில் சும்மா தொங்கிய அந்த நார்க் கயிற்றை நீளக் கயிறு ஒன்றோடு முடிந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.