மாலைக்குக் குனிந்த நீர்நாய்

மருதக்குளத்தில் துடுப்பன் என்றொரு நீர்நாய் இருந்தது. நீச்சலில் அதை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளே இல்லை. இந்தக் கரையில் முங்கினால் அந்தக் கரையில் வாயில் மீனோடு எழும். அப்பேர்ப்பட்ட நீர்நாயின் கண்ணெதிரே ஒரு குட்டி தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்றால் நம்புவீர்களா? நடந்தது. எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

குளக்கரை விலங்குகள் சேர்ந்து ஒரு நற்பணி மன்றம் வைத்திருந்தன. மயில்தான் தலைவர், மைனா செயலாளர். வழி தவறிய குட்டிகளை வீடு சேர்ப்பது, கோடையில் ஊற்றுத் தோண்டுவது என்று நல்ல காரியங்கள்தான் செய்தன. அதில் குறை சொல்லக் கூடாது. ஆனால் மன்றத்தின் பெரிய பெருமை இளையோர் பரிமாற்றத் திட்டம். வருடத்துக்கு ஒரு ஜோடி. குளத்துப் பிள்ளை ஒன்று புதர்க்காட்டில் போய் ஆறு மாதம் வளரும். புதர்க்காட்டுப் பிள்ளை ஒன்று குளத்து வீட்டுக்கு வந்து வளரும். வளர்க்கிறவருக்கு வழிகாட்டி என்று பெயர். ஆண்டு விழாவில் இரண்டு பிள்ளைகளும் கற்றதைச் செய்துகாட்ட வேண்டும்.

அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. மயில் தோகையை விரித்தால், அது மடக்குகிற வரைக்கும் எல்லோரும் சத்தம் போட்டுக் கொண்டாட வேண்டும். தவளை கத்தும், காட்டெருமை தரையை மிதிக்கும், கொக்கு இறக்கையை அடிக்கும். நடுவில் நிறுத்தினால் தலைவரை அவமதித்ததாம்! இந்தக் கூத்தை ஒன்பது வருடமாக ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

பத்தாம் வருடம் துடுப்பனின் குட்டி குமிழி, செம்பி என்ற முயலின் புதருக்குப் போனது. செம்பியின் ஒரே குட்டி பொட்டு, துடுப்பன் வீட்டுக்கு வந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததால் அந்தப் பெயர்.

முதல் நாள் தண்ணீரைக் கண்டதும் பொட்டு துடுப்பனின் முதுகில் ஏறிக்கொண்டது. "மாமா, இது ஏன் அசைஞ்சுகிட்டே இருக்கு?" என்று கேட்டது. துடுப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குட்டிமேல் அதற்கு உயிர். மீன் தின்னாத பிள்ளைக்காக அருகம்புல் தேடிக் கரையெல்லாம் அலைந்தது. மெல்ல மெல்ல நீச்சலும் சொல்லிக் கொடுத்தது.

ஆறு மாதத்தில் பொட்டு பாதிக் குளம் நீந்தியது. நடுவில் ஒரு நாணல் திட்டு உண்டு. அதுவரைக்கும் வரும். வந்ததும் ஏறி உட்கார்ந்து நடுங்கும்.

"மாமா, அதுக்கு மேல கால் மரத்துப்போகுது. ரோமமெல்லாம் தண்ணி குடிச்சுக் கனக்குது."

"போதும்டா செல்லம். மீதியை அடுத்த மழைக்குப் பார்ப்போம்" என்றது துடுப்பன்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது துடுப்பன் மயிலிடம் போனது. "தலைவரே, குட்டியால முழுக் குளம் கடக்க முடியாது. திட்டுவரைக்கும் நீந்திக் காட்டட்டும்."

மயிலுக்கு வந்ததே கோபம்! "பாதிக் குளமா? பத்தாம் ஆண்டு விழாய்யா இது! சிறப்பு விருந்தினரா யானையார் மலையிலிருந்து கிளம்பியாச்சு. 'குளம் கடக்கும் முயல்'னு மைனா காடு முழுக்கச் சொல்லிட்டு வந்தாச்சு. பாதியில நின்னா என் முகத்தை எங்கே வெச்சுக்குவேன்?"

"இன்னும் ரெண்டு மாசம் கொடுத்தா..."

"அங்கே செம்பி ஏற்கெனவே கையை விரிச்சிட்டா. உன் குட்டிக்கு ஓட வரலையாம், மேடை ஏத்த மாட்டாளாம். நீயும் இப்படிச் சொன்னா மன்றத்தை இழுத்து மூட வேண்டியதுதான்!" மயில் குரலைத் தணித்துக்கொண்டது. "சிறந்த வழிகாட்டி மாலை உனக்குத்தான்னு முடிவு பண்ணியிருக்கோம். யானையார் கையாலேயே!"

துடுப்பன் தலையை ஆட்டியது. யானையார் கையால் மாலை வாங்கிய நீர்நாய் அதுவரை அந்தக் காட்டிலேயே கிடையாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், பிள்ளை ஒருவேளை கடந்தாலும் கடந்துவிடும் என்று தன்னைத்தானே நம்ப வைத்துக்கொண்டது. மனசு அப்படித்தான், வேண்டியதை நம்பிவிடும்.

விழா நாள் காலையில் செம்பி, குமிழியைக் கூட்டிக்கொண்டு வந்தது. வந்ததும் துடுப்பனைத் தனியே அழைத்தது.

"அண்ணே, ஊரெல்லாம் குளம் கடக்கும், குளம் கடக்கும்னு பேசுது. மறைக்காம சொல்லு. என் பிள்ளையால முடியுமா?"

துடுப்பன் குளத்தைப் பார்த்தது. கரையோர மேடையில் தொங்கவிட்டிருந்த தாமரை மாலையையும் பார்த்தது. "என் கண் முன்னாலதானே தங்கச்சி நீந்தப்போகுது? நான் இருக்கேன்ல!" என்றது.

செம்பி நம்பியது. அண்ணன் என்று கூப்பிட்டவரை நம்பாமல் வேறு யாரை நம்பும்?

யானையார் வந்தார். மைனா பத்து வருடப் பெருமையைப் பாட்டாகவே பாடிவிட்டது. கடைசியில், "இதோ, குளம் கடக்கும் முயல்!" என்று கூவியது.

பொட்டு கரை விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தது. "மாமா, திட்டுல உக்காந்துக்கலாமா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உக்காராதேடா. மாமா பார்த்துக்கறேன்" என்றது துடுப்பன்.

பொட்டு குதித்தது. மயில் தோகையை விரித்தது. அவ்வளவுதான், காது கிழிகிற சத்தம்! பொட்டு திட்டை நெருங்கியது. உட்காரவில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை, திட்டைத் தாண்டிப் போனது.

"இப்போதே மாலையைப் போட்டுவிடலாம்!" என்று மைனா அவசரப்படுத்தியது. யானையார் தும்பிக்கையில் மாலையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். துடுப்பன் அதில் ஏறிக் குனிந்தது.

குனிந்தபடியே அது தண்ணீரைப் பார்த்தது. பொட்டுவின் காதுகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. பிறகு ஒரு காது. பொட்டு வாய் திறந்து கூப்பிட்டது. அந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்? ஆனால் வாயசைவைப் பார்த்தே துடுப்பனுக்குத் தெரிந்துவிட்டது. மாமா என்றுதான் கூப்பிட்டது.

உடனே குதித்திருக்கலாம். பத்து வீச்சில் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் மாலை தலைக்கு மேலே வந்துவிட்டது. யானையார் முன்னால் பாதியில் எழுந்து ஓடினால் நன்றாகவா இருக்கும்? இதோ, கழுத்தில் விழுந்ததும் போய்விடலாம். ஒரே ஒரு நொடிதானே! யானையார் வயதானவர், மாலை துடுப்பனின் காதில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துச் சரி செய்தார். கழுத்தில் விழுந்தது.

துடுப்பன் நிமிர்ந்தபோது தண்ணீர்மேல் ஒன்றுமே இல்லை.

மாலையோடு பாய்ந்தது. அடியில் வேரும் சேறும் கலங்கிக் கிடந்தன. தடவித் தடவித் தேடியது. கிடைத்தபோது பொட்டு மீனைப்போல் குளிர்ந்திருந்தது. வாயில் கவ்விக்கொண்டு வந்து கரையில் போட்டது. நெஞ்சை அழுத்தியது, நக்கியது, புரட்டியது. அசைவே இல்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? சத்தம் இன்னும் நிற்கவில்லை. மயில் யானையாரைப் பார்த்தே தோகை விரித்து நின்றதால் தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. செம்பி கூட்டத்தின் காலடியில் புகுந்து, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டே ஓடி வந்தது. யார் காதிலும் விழவில்லை. செத்த பிள்ளையைத் தாய் மடியில் போட்டுக்கொண்ட பிறகும் தவளைகள் கத்திக்கொண்டுதான் இருந்தன.

ஒருவழியாகத் தோகை மடங்கியது. அப்போதுதான் சத்தமும் நின்றது.

செம்பி எழுந்தது. குமிழியைத் துடுப்பன் பக்கம் தள்ளிவிட்டது. "இந்தா, உன் பிள்ளை. ஆறு மாசமா வெச்சிருந்தேன். ஓட வரல. ஆனா உயிரோட இருக்கு."

துடுப்பனின் கழுத்தில் மாலை நனைந்து தொங்கியது.

"நான் இருக்கேன்னு சொன்னியே அண்ணே!" என்றது செம்பி. பொட்டுவைத் தூக்கிக்கொண்டு புதர்க்காட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதன்பின் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மைனா மெல்லப் பறந்துவந்து மயிலின் காதருகே உட்கார்ந்தது. "தலைவரே, ஆண்டறிக்கையில என்னன்னு எழுத?"

"பாதிக் குளத்துக்கு மேல நீந்தியதுன்னு எழுது. பொய் இல்லையே!" என்றது மயில்.

அடுத்த வருடமும் விழா வந்தது. இந்த முறை ஓர் அணில் குஞ்சு பரிமாற்றத்துக்குப் போக இருந்தது. "போன வருடத்துச் சிறந்த வழிகாட்டி இரண்டு வார்த்தை பேசுவார்!" என்று மைனா அழைத்தது. வருடம் முழுக்க வீட்டைவிட்டு வெளியே வராத துடுப்பன், இளைத்துப்போய் மேடை ஏறியது. அதன் குரல் மேடையைத் தாண்டி எட்டவில்லை.

"பொட்டு தானா சாகலை. அதால முடியாதுன்னு எனக்கு முன்னாலேயே தெரியும். முழுகும்போதும் பார்த்தேன். மாலைக்காகக் குனிஞ்சு நின்னேன். உங்க பிள்ளைங்களை..."

மயில் சட்டென்று தோகையை விரித்தது.

தவளை கத்தியது. காட்டெருமை மிதித்தது. துடுப்பன் தொண்டை கிழியக் கத்தியது. முன்வரிசையில் அணில் தன் குஞ்சை அணைத்தபடி வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "அடேயப்பா, என்னமா பேசுறார்!" என்று பக்கத்திலிருந்த ஓணானிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

பிள்ளையின் மூச்சைவிட மேடையின் கைதட்டலைப் பெரிதாக நினைக்கிறவர்களிடம், அவர்கள் எத்தனை நல்லவர்களானாலும், பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.